அப்பச்சியின் ஈறும் சர்க்கரையும்: பல் மருத்துவர் சொல்வதை நம்பலாமா?

கோட்டையூர்ப் பெண் | செவ்வாய், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பச்சிக்கு (அப்பாவை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) 67 வயது. சர்க்கரை வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. மாத்திரை ஒருநாள் தவறியதில்லை. காலையில் ஊருணியை நான்கு சுற்றுச் சுற்றாமல் காபி குடிக்கமாட்டார். அப்படியிருந்தும் இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 8.6 சதவீதத்துக்குக் கீழே இறங்க மறுக்கிறது. போன வாரம் சர்க்கரை மருத்துவர் மருந்தைக் கூட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனோம். அவரோ, “வாயைத் திறங்கள்” என்றார். தொண்டையைப் பார்க்கிறார் என்று நினைத்தோம். ஈறைப் பார்த்துவிட்டு, “முதலில் பல்லைக் கவனித்துவிட்டு வாருங்கள், பிறகு மருந்தைப் பற்றிப் பேசலாம்” என்று அனுப்பிவிட்டார்.

முதலில் போன இடத்தில் (பெயர் வேண்டாம்) ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டுப் பல்செட் கட்டிக்கொள்ளலாம், இதயத்துக்கும் அதுதான் நல்லது என்றார்கள். அப்பச்சி ஒரு வார்த்தை பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கிவிட்டார். அடுத்துப் பார்த்த மருத்துவர், இரண்டு பல் மட்டும் தேறாது, மற்றவற்றை ஈறுக்கடியில் சுத்தம் செய்து காப்பாற்றலாம், சர்க்கரையும் சற்று இறங்கும் என்கிறார்.

இப்போது வீட்டில் இரண்டு கட்சி. அயித்தை, “பல்லைச் சுரண்டினால் பல் ஆடும், என் நாத்தனாருக்கு அப்படித்தான் ஆயிற்று” என்கிறார். தம்பியோ வாய்க் கிருமி மூளைக்குப் போகிறது, இதயத்துக்குப் போகிறது என்று தினமும் ஒரு செய்தி அனுப்புகிறான். வாய் கொப்பளிக்கும் மருந்து மூன்று பெரிய பாட்டில் வாங்கி அடுக்கியிருக்கிறான்.

வாயில் இருக்கும் கிருமிக்கும் இரத்தத்தில் இருக்கும் சர்க்கரைக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? இல்லை, இதுவும் காசு பிடுங்கும் வழியா? தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். அதற்குள் அவர் நன்றாக மென்று சாப்பிட வேண்டும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.


ஐயா வீட்டுத் திண்ணை | செவ்வாய், இரவு 10.15

அம்மா, எனக்கு 76 முடிந்துவிட்டது. பல் மருத்துவரின் நாற்காலியில் இதுநாள்வரை உட்கார்ந்ததில்லை. காலையில் வேப்பங்குச்சி, வாரம் இரண்டு நாள் நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு, மூன்று வேளையும் வெற்றிலை. முப்பத்திரண்டில் இருபத்தொன்பது இன்னும் என் வாயில்தான் இருக்கின்றன. “ஆலும் வேலும் பல்லுக்குறுதி” என்று சும்மாவா சொல்லிவைத்தார்கள்? பல்லுக்கும் சர்க்கரைக்கும் முடிச்சுப் போட்டவரை எங்கள் காலத்தில் பார்த்ததில்லை. இப்போது எதற்கெடுத்தாலும் ஒரு முடிச்சு, முடிச்சுக்கு ஒரு ரசீது.


ஆய்வக எலி | செவ்வாய், இரவு 10.31

ஐயா, ஒரே ஒரு திருத்தம். அந்தப் பழமொழியில் வரும் வேல், வேலமரம். வேம்பு இல்லை. மற்றதற்குக் காலையில் வருகிறேன், நாளைக்குத் தேர்வு இருக்கிறது.


பல்லுக்குறுதி | புதன், காலை 6.50

தேவகோட்டைப் பக்கம் பல் மருத்துவம் பார்க்கிறேன். உங்கள் அப்பச்சியின் வாயைப் பார்க்காமல் அவருக்கு இன்னது செய்யுங்கள் என்று சொல்லமாட்டேன். பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தொடர்பு உண்டு. இரண்டு பக்கமும் ஓடுகிற தொடர்பு அது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு எச்சில் குறைகிறது, வெள்ளணுக்கள் மந்தமாகின்றன, புண் ஆறத் தாமதமாகிறது. ஈறு நோய் குடியேற வேறென்ன வேண்டும்? மறுபக்கம், ஈறு மாதக்கணக்கில் வீங்கிச் சிவந்து கிடந்தால் அங்கே உண்டாகும் அழற்சிப் பொருள்கள் இரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றுகின்றன. இன்சுலின் சொல்வதை உயிரணுக்கள் காதில் வாங்காமல் போவதற்கு அவையும் ஒரு காரணம். மாத்திரை அதே மாத்திரைதான், வேலை மட்டும் குறைகிறது.

நல்ல ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளி 3 மில்லிமீட்டருக்குள் இருக்கும். நோய் முற்றியவர்களுக்கு அது 6, 7 என்று பள்ளமாக இறங்கிவிடும். பள்ளத்தின் உட்சுவர் முழுக்கப் புண். “உங்கள் உள்ளங்கை அளவுக்கு வாய்க்குள் புண் இருக்கிறது” என்று நாங்கள் நோயாளிகளிடம் சொல்வது வழக்கம். கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் என்றார்கள். அதாவது, நாங்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆனால் அந்த அளவுக்கு ஒரு சீழ்ப்புண் முழங்காலில் இருந்தால் மூன்று ஆண்டுகள் சும்மா விட்டுவைப்பீர்களா? வாய்க்குள் இருப்பதால் விட்டுவைக்கிறோம்.

எவ்வளவு இறங்கும் என்பதுதானே கேள்வி. ஈறு சிகிச்சை பற்றி நடந்த பல சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற சர்வதேச ஆய்வமைப்பின் தொகுப்பாய்வு 2022-இல் வந்தது. சிகிச்சை பெற்ற சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று, நான்கு மாதத்தில் மூன்று மாதச் சராசரி 0.43 புள்ளி அளவுக்குக் குறைந்தது. அது சராசரி, சிலருக்குக் கூடும், சிலருக்கு ஒன்றுமே நடக்காது. சிறிய எண் என்று தோன்றலாம். கூடுதலாக ஒரு மாத்திரை சேர்த்தால் கிடைப்பதற்குப் பக்கத்தில் வருகிற எண் அது. ஆனால் 8.6 ஒரே தாவாக 6.5 ஆகிவிடும் என்று யாராவது சொன்னால், உங்கள் அப்பச்சி செய்தது போலச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

அயித்தைக்கு ஒரு வார்த்தை. பல்லைச் சுற்றிப் படியும் கிருமிக்கூட்டத்தோடு உடம்பு போடும் சண்டையில்தான் தாடை எலும்பு கரைகிறது. எலும்பு போன இடத்தில், பல்லில் இறுகிப் படிந்த பல்காரை சிமெண்டு போல முட்டுக்கொடுத்து நிற்கும். காரையை எடுத்தவுடன், ஏற்கனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. பழி எங்கள் தலையில் விழுகிறது. ஈறு ஆறி இறுகிய பிறகு பல பற்கள் முன்னைவிட உறுதியாக நிற்பதையும் பார்த்திருக்கிறேன்.


துருப்பிடித்தவன் | புதன், காலை 8.05

மருத்துவர் சொன்னதற்கு இரும்பு வழியாக ஒரு சாட்சி சொல்கிறேன்.

காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தில் துருவைத் துரத்தியே என் காலம் போனது. தண்ணீர்க் குழாயின் உட்புறத்தைக் கையால் தடவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வழவழப்பாக ஒரு படலம் இருக்கும். அது வெறும் அழுக்கு இல்லை. கிருமிகள் கூடிக் கட்டிய குடியிருப்பு. தாமே ஒரு பசையைச் சுரந்து அதற்குள் உட்கார்ந்துகொள்கின்றன. மேலடுக்கில் இருப்பவை ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடுவதால் அடித்தட்டில் ஆக்சிஜனே இருக்காது. ஆக்சிஜன் பிடிக்காத கிருமிகளுக்கு அது மாளிகை. அங்கே உட்கார்ந்துகொண்டு எஃகைக் குழி குழியாக அரிக்கும். வெளியே வண்ணம் பளபளவென்று இருக்கும், உள்ளே ஓட்டை விழுந்திருக்கும்.

குளோரின் ஊற்றினால்? தண்ணீரில் மிதப்பவை சாகும். படலத்துக்குள் இருப்பவை அசையாது. தேய்த்து எடுத்தால்தான் உண்டு. பல்லில் படிவதும் இதே மாதிரிப் படலம்தான் என்று பல் மருத்துவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது தெரிந்துகொண்டேன். அன்றுமுதல் பல் துலக்குவதில் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

இதை முதலில் பார்த்தவர் மருத்துவரும் இல்லை, பேராசிரியரும் இல்லை. டச்சு நாட்டு டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி, லேவன்ஹுக். தானே தேய்த்துச் செய்த உருப்பெருக்கிக் கண்ணாடியில் தன் பல்லில் இருந்த வெள்ளை மாவை வைத்துப் பார்த்தார். குட்டி உயிர்கள் துள்ளிக்கொண்டிருப்பதாக 1683-இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். தினமும் உப்பு வைத்துப் பல் தேய்க்கிறவர் அவர்! வினிகரால் வாய் கொப்பளித்தும் பார்த்தார். வெளியே இருந்தவைதான் செத்தன, பல்லிடுக்கு மாவுக்குள் இருந்தவை பிழைத்துக்கொண்டன. தம்பியின் மூன்று பாட்டிலுக்கும் பதில் அந்தக் கடிதத்திலேயே இருக்கிறது.


ஆய்வக எலி | புதன், மாலை 5.20

தேர்வு ஒருவழியாக முடிந்தது.

கிருமி என்று சொன்னவுடன் எல்லோரும் கொல்லுகிற பேச்சுக்குப் போய்விடுகிறோம். நான் நுண்ணுயிரியல் படிக்கிறேன். கிருமிகளின் சார்பில் கொஞ்சம் வாதாடிவிடுகிறேன். மனித வாய்களில் இதுவரை அடையாளம் கண்ட பாக்டீரியா வகைகள் 700-க்கு மேல். உடம்பில் குடலுக்கு அடுத்தபடி இத்தனை வகை கூடியிருக்கும் இடம் வாய்தான். நாக்கில் ஒரு கூட்டம், கன்னத்தின் உட்புறம் ஒரு கூட்டம், ஈறுக்கடியில் வேறொரு கூட்டம். பெரும்பாலானவை நமக்குக் காவல். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல இருக்கைகளை நிரப்பி வைத்திருப்பதால் வெளியாட்களுக்கு உட்கார இடம் கிடைப்பதில்லை.

நோய் என்பது ஒரு கெட்ட கிருமி உள்ளே வந்துவிட்டதால் வருவது என்று நினைப்பது பாதி உண்மை. போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்று ஒன்று உண்டு, ஈறு நோயில் பெயர்போனது. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளின் வாயில் இதை மட்டும் விட்டுப் பார்த்தார்கள். எலும்பு கரையவில்லை. வழக்கமான கிருமிகள் இருந்த எலிகளின் வாயில் விட்டபோது கரைந்தது. அதன் எண்ணிக்கையோ மிகக் குறைவு. தான் நேரடியாக அடிக்காமல், நம் எதிர்ப்புச் சக்தியைக் குழப்பிவிட்டு, அதுவரை சாதுவாக இருந்தவற்றையும் கெடுத்துவிடுகிறது. ஊரில் ஓர் ஆள் வம்பு மூட்டிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாரே, அந்த மாதிரி.


ஐயா வீட்டுத் திண்ணை | புதன், மாலை 5.34

திண்ணை என்று யாரைச் சொல்கிறீர் தம்பி?


ஆய்வக எலி | புதன், மாலை 5.36

பொதுவாகச் சொன்னேன் ஐயா. சத்தியமாக.


பினாங்கு வாசி | புதன், இரவு 8.10

கோட்டையூர்ப் பெண்ணின் தம்பியை எல்லோரும் கேலி செய்கிறீர்கள். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. மறதி நோயால் (அல்சைமர்) இறந்தவர்களின் மூளையில் இப்போது நீங்கள் சொன்ன அதே ஜிஞ்சிவாலிஸ் கிருமியின் தடயங்கள் இருந்ததாக 2019-இல் ஆய்வுக் கட்டுரையே வந்தது. பெருங்குடல் புற்றுக் கட்டிகளுக்குள் வாய்க் கிருமி ஒன்று இருக்கிறது. ஈறு நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு அதிகம். இத்தனைக்குப் பிறகும் முதலில் போன இடத்தில் எல்லாப் பல்லையும் எடுக்கச் சொன்னது அவ்வளவு பெரிய குற்றமா?


ஆய்வக எலி | புதன், இரவு 9.02

குற்றம்தான் அண்ணன். ஒவ்வொன்றாக வருகிறேன்.

மறதி நோய்: அந்தக் கட்டுரை உண்மை. அதை நம்பி, அந்தக் கிருமியின் நொதியைத் தடுக்கும் மருந்து ஒன்றைச் செய்து நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2021-இல் முடிவு வந்தது: மறதி நோயின் போக்கு மாறவில்லை. தடயம் இருப்பது வேறு, காரணமாக இருப்பது வேறு. தீ விபத்து நடந்த இடத்தில் எல்லாம் தீயணைப்பு வண்டி நிற்கிறது, அதற்காக வண்டிதான் கொளுத்தியது என்று சொல்லமுடியுமா? இந்தக் கதவு முழுக்க மூடிவிட்டது என்றும் சொல்லமாட்டேன்.

பெருங்குடல் புற்று: ஃபியூசோபாக்டீரியம் என்ற வாய்க் கிருமி. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். 2024-இல் அதன் ஒரு குறிப்பிட்ட உட்பிரிவுதான் கட்டிகளில் மிகுதி என்றும் கண்டார்கள். ஆனால் பல்லைப் பிடுங்கினால் புற்று வராது என்று எங்கும் நிரூபணம் இல்லை.

இதயம்: அமெரிக்க இதயச் சங்கம் 2012-இல் இருந்த சான்றுகளையெல்லாம் அலசிவிட்டு, தொடர்பு இருக்கிறது, ஆனால் ஈறு நோய்தான் காரணம் என்றோ ஈறைக் குணமாக்கினால் மாரடைப்பு தவிரும் என்றோ சொல்லச் சான்று இல்லை என்றது. புகை பிடிப்பவருக்கு ஈறும் கெடும், இதயமும் கெடும். சர்க்கரையும் அப்படித்தான்.

பல்லை மொத்தமாகப் பிடுங்குகிற யோசனைக்கு வயது நூறுக்கு மேல். உடம்பில் எங்கே என்ன வந்தாலும் பல்லில் ஒளிந்திருக்கும் சீழ்தான் காரணம் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு அலை அடித்தது. வில்லியம் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1910-இல் மாண்ட்ரியாலில் ஆற்றிய உரை அதற்கு எண்ணெய் ஊற்றியது. மூட்டுவலிக்குப் பல், தலைவலிக்குப் பல். அமெரிக்காவின் டிரென்டனில் ஹென்றி காட்டன் என்ற மனநல மருத்துவர் நோயாளிகளின் பற்களைக் கொத்தாகப் பிடுங்கினார். பைத்தியம் தெளியவில்லை என்றதும் குடலையும் வெட்டினார். பலர் இறந்துபோனார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகு பல பத்தாண்டுகள் வாய்க்கும் உடம்புக்கும் தொடர்பு என்று பேசவே மருத்துவ உலகம் கூசியது. இப்போது நல்ல சான்றுகளோடு அந்தப் பேச்சு திரும்பியிருக்கிறது. பழைய ஆர்வக்கோளாறும் கூடவே திரும்பிவிடக்கூடாது.


பல்லுக்குறுதி | புதன், இரவு 9.45

எலியார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இதயத்தில் ஒரு விஷயத்தில் மட்டும் சந்தேகமே இல்லை. செயற்கை வால்வு பொருத்தியவர்கள், முன்பு ஒருமுறை இதய உட்சவ்வில் தொற்று வந்தவர்கள், சில வகைப் பிறவி இதயக் கோளாறு உள்ளவர்கள்: இவர்களுக்கு வாயிலிருந்து இரத்தத்துக்குள் போகும் சாதாரண ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கூட வால்வில் உட்கார்ந்து உயிருக்கு உலை வைக்கும். பல் எடுக்கும் முன்பே ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் பேச்சாக இதைச் சொல்லிவிடுங்கள். வால்வு மாற்றியதை மறைத்துவிட்டுப் பல் பிடுங்கிக்கொள்ள வந்த பெரியவர் ஒருவர், சட்டைப் பொத்தான் திறந்திருந்ததால் தப்பித்தார். நெஞ்சில் தழும்பைப் பார்த்து நான்தான் நிறுத்தினேன்.


கோட்டையூர்ப் பெண் | வியாழன், காலை 7.15

எல்லோருக்கும் நன்றி. அப்பச்சிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். துணி வியாபாரிக் கதை மிகவும் பிடித்துவிட்டது. “பார், கண்டுபிடித்தவன் ஒரு வியாபாரி” என்கிறார்.

மூன்று பாட்டிலை என்ன செய்வது?


ஆய்வக எலி | வியாழன், காலை 7.50

எந்த மருந்து என்று பாருங்கள். குளோர்ஹெக்சிடின் என்று போட்டிருந்தால், மருத்துவர் சொன்ன நாள்வரை மட்டும் பயன்படுத்துவது. காலவரையின்றிக் கொப்பளித்தால் பல் பழுப்பாகும், சுவை மரத்துப்போகும்.

அதைவிடச் சுவையான சங்கதி ஒன்று இருக்கிறது. கீரை, பீட்ரூட் இவற்றில் நைட்ரேட் நிறைய உண்டு. நாம் விழுங்கும் நைட்ரேட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இரத்தத்திலிருந்து மறுபடி எச்சிலுக்கே வந்து சேர்கிறது. நாக்கின் பின்புறம் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நம் உடம்பால் தானாக அதைச் செய்ய முடியாது, அதற்குரிய நொதி நம்மிடம் இல்லை. அந்த நைட்ரைட்தான் உள்ளே போய் நைட்ரிக் ஆக்சைடாகி இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது, அழுத்தம் குறைகிறது. உடல்நலத்தோடு இருந்த 19 பேரை ஒரு வாரம் குளோர்ஹெக்சிடினால் கொப்பளிக்க வைத்துப் பார்த்தபோது இரத்த அழுத்தம் 2 முதல் 3.5 புள்ளி வரை ஏறியது. சிறிய ஆய்வுதான். ஆனால் வாயைக் கழுவித் துடைத்த பாத்திரமாக்குவது நல்லதல்ல என்பதற்கு எனக்கு இது போதும். நீங்கள் தேடித்தேடி வாங்கும் முளைக்கீரைக்கு வேலை செய்கிறவர்களை நீங்களே வேலைநீக்கம் செய்கிறீர்கள்.


பலகார ஆச்சி | வியாழன், பகல் 11.30

நான் கல்யாணப் பலகாரம் போடுகிறவள். சீப்புச்சீடை, மனகோலம், அதிரசம், மாவுருண்டை என்று மாதத்தில் இருபது நாள் அடுப்பு முன்னால்தான். ருசி பார்த்துப் பார்த்தே கடைவாயில் நான்கு பல் சொத்தை. இனிப்பு அதிகம் தின்றால்தானே சொத்தை? நான் தின்பது ஒரு விள்ளல், ஆனால் நாள் முழுக்க. என் பெண் பந்தியில் உட்கார்ந்தால் கவுனி அரிசி மூன்று கிண்ணம் சாப்பிடுவாள், அவளுக்கு ஒரு சொத்தை கிடையாது. இது என்ன நியாயம்?

இன்னொன்று. மருமகள் ஐந்து மாதம். பல் தேய்த்தால் இரத்தம் வருகிறது. பிள்ளை பிறக்கிறவரை பல் மருத்துவரிடம் போகக்கூடாது என்று சம்பந்தி வீட்டில் சொல்கிறார்கள்.


பல்லுக்குறுதி | வியாழன், பிற்பகல் 2.20

ஆச்சி, நீங்கள் உங்களையே அறியாமல் ஒரு பெரிய ஆராய்ச்சி முடிவைச் சொல்லிவிட்டீர்கள். சுவீடனில் விபெஹோல்ம் என்ற இடத்தில் 1940-களின் பிற்பகுதியில் மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு இனிப்பைப் பலவிதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். இன்றைக்கு அப்படிச் செய்தால் சிறைக்குப் போக வேண்டியதுதான். ஆனால் அதில் தெரிந்தது இது: சாப்பாட்டோடு சேர்ந்த இனிப்பை விட, இடையிடையே தின்னும், பல்லில் ஒட்டும் இனிப்புதான் பல்லைத் தின்றது.

காரணம் எளிது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்றவை சர்க்கரையைப் புளிக்க வைத்து அமிலமாக்குகின்றன. அமில கார அளவு (pH) 5.5-க்குக் கீழே போனால் பல்லின் எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் வந்து அதைச் சரிசெய்ய அரைமணி நேரமாவது வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு விள்ளல் போட்டால் எச்சில் எப்போது வேலை செய்யும்? அமிலம் பிடித்த கிருமிகள் மட்டும் பெருகும், மற்றவை ஒதுங்கும். உங்கள் பெண் மூன்று கிண்ணத்தையும் ஒரே வேளையில் முடித்துவிட்டு எழுந்துவிடுகிறாள். ருசி பார்த்ததும் தண்ணீர் விட்டுக் கொப்பளியுங்கள். அரை வாய்த் தண்ணீர் போதும்.

மருமகளைத் தயங்காமல் அழைத்துப் போங்கள். கர்ப்பகாலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் ஈறு எளிதில் வீங்கும். இப்போது சிகிச்சை செய்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் கெடுதல் இல்லை என்று 2006-இல் அமெரிக்காவில் நடந்த பெரிய சோதனையிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அதனால் குறைப்பிரசவம் குறையும் என்று எதிர்பார்த்தது மட்டும் நடக்கவில்லை. குறைப்பிரசவப் பயம் காட்டி யாராவது அவசரப்படுத்தினால் அதையும் நம்பவேண்டாம்.


பினாங்கு வாசி | வியாழன், இரவு 10.40

நேற்று நான் சற்று வேகமாகப் பேசிவிட்டேன். காரணம் சொல்கிறேன்.

பள்ளத்தூரில் எங்கள் ஆயா, அதாவது பாட்டி. 88 வயது. இரண்டாங்கட்டு முழுவதும் பூட்டிக் கிடக்கிறது, முகப்பும் ஓர் அறையும்தான் புழக்கத்தில். நாங்கள் பிள்ளைகள் எல்லாம் கடல் கடந்து கிடக்கிறோம். ஆயாவைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா இருக்கிறார்; குளிப்பாட்டுவார், மருந்து கொடுப்பார், கால் பிடித்துவிடுவார். வாயை மட்டும் யாரும் பார்த்ததில்லை. பல்செட்டை ராத்திரியும் கழற்றமாட்டார் ஆயா, பல் இல்லாத முகத்தை வேலைக்காரம்மா கூடப் பார்க்கக்கூடாது என்று. போன ஆண்டு நிமோனியா. பதினோரு நாள் மருத்துவமனை. வாயில் இருப்பது தூக்கத்தில் நுரையீரலுக்கு இறங்கியிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்குப் பிறகுதான் இதையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.


பல்லுக்குறுதி | வியாழன், இரவு 11.05

அண்ணன், மூளையை விட, இதயத்தை விட, நம் ஊருக்கு முக்கியமான பேச்சு இதுதான் என்பேன். ஒவ்வொரு தெருவிலும் பெரிய வீட்டில் தனியாக ஒரு முதியவர் இருக்கிறார். முதுமையில் விழுங்கும் வலு குறையும், இருமி வெளியேற்றும் வலுவும் குறையும். எச்சிலோடு கிருமியும் மூச்சுக்குழாயில் இறங்கும். ஜப்பானில் முதியோர் இல்லங்களில் வாயைத் தினமும் சுத்தம் செய்துவிட்டதால் நிமோனியா குறைந்ததை 1999-லேயே காட்டினார்கள். 85 வயது தாண்டியவர்களை அதே நாட்டில் பின்னாளில் கவனித்ததில், பல்செட்டோடு தூங்குகிறவர்களுக்கு நிமோனியா வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தது.

ராத்திரி கழற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீரில் போட்டு வையுங்கள். வெந்நீர் வேண்டாம், வளைந்துவிடும். பல்லில்லாத ஈறையும் நாக்கையும் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். பார்த்துக்கொள்கிற அம்மாவுக்கு ஒருநாள் காணொளியில் நீங்களே காட்டிக்கொடுங்கள்.


பினாங்கு வாசி | வெள்ளி, காலை 6.20

காட்டினேன். விளக்கை அணைத்த பிறகுதான் கழற்றுவேன் என்று ஆயா நிபந்தனை போட்டிருக்கிறார். ஏற்றுக்கொண்டோம்.


ஐயா வீட்டுத் திண்ணை | வெள்ளி, காலை 9.00

எல்லோரும் பேசி முடித்துவிட்டீர்களா? என் நல்லெண்ணெயைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெற்றிலையைப் பற்றியும் இல்லை. வெற்றிலை கிருமியைக் கொல்லும் என்று நீங்கள் கும்பிடும் ஆய்வகங்களே சொல்லியிருக்கின்றன. பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்தால்தான் அது தாம்பூலம். எங்கள் வீட்டு வெள்ளி வெற்றிலைப் பெட்டி நான்கு தலைமுறை பார்த்தது.


பல்லுக்குறுதி | வெள்ளி, பகல் 1.10

ஐயா, எண்ணெயை எதிர்க்கமாட்டேன். சில சிறிய ஆய்வுகளில் சொத்தைக் கிருமி குறைந்ததாகக் காட்டியிருக்கிறார்கள், சான்று பலமானதல்ல. பல் தேய்த்த பிறகு கூடுதலாகச் செய்தால் செய்யுங்கள். புரையேறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அதுவே தனி நோய். வேப்பங்குச்சியும் சரிதான், கடைவாயின் உட்பக்கம் எட்டுகிறதா என்பதுதான் என் கவலை. செங்கல்பொடி, உமிக்கரி போட்டு அரைக்காதவரை நல்லது.

வெற்றிலைக்கும் எனக்கும் பகை இல்லை. இலைச்சாறு ஆய்வகத் தட்டில் பாக்டீரியாவைத் தடுப்பது உண்மை. பகை பாக்கோடு. புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் உறுதியாக வகைப்படுத்திவிட்டது. புற்றுக்கு முன்பே கன்னத்தின் உட்தசை நார் நாராக இறுகி, வாய் திறப்பது வரவரக் குறையும். காரம் பட்டால் எரியும், பெரிய வலி இருக்காது, அதனால் பலர் கவனிப்பதில்லை. சுண்ணாம்போ பல்காரையை வளர்க்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை. உங்கள் கையின் நடு மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவே செங்குத்தாக நுழைத்துப் பாருங்கள். நுழையவேண்டும்.


ஐயா வீட்டுத் திண்ணை | வெள்ளி, பகல் 1.25

இந்த வயதில் வாயில் விரலை விடச் சொல்கிறீர்.


மட்டுறுத்துநர் | வெள்ளி, மாலை 4.00

தாம்பூலம் மரபா, நோயா என்று வந்த பதினெட்டுப் பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றிவிட்டேன். சண்டையை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பல் மட்டும்.


கோட்டையூர்ப் பெண் | நான்கு மாதம் கழித்து, ஞாயிறு, காலை 10.10

இந்த இழையை மறந்துவிடவில்லை. கல்யாண வேலையில் எழுத முடியவில்லை.

அப்பச்சிக்கு இரண்டு பல் எடுத்தார்கள். மற்றவற்றை நான்கு தடவையாக, ஊசி போட்டு மரக்க வைத்து, ஈறுக்கடியில் சுத்தம் செய்தார்கள். முதல் வாரம் பல் கூசியது. அயித்தைக்கு ஒரே கொண்டாட்டம். ஒரு பல் கொஞ்சம் ஆடவும் செய்தது. இப்போது ஆடவில்லை. தலையணை உறையில் இரத்தக் கறை படுவது நின்றுவிட்டது. அப்படி ஒரு கறை இத்தனை ஆண்டுகள் இருந்ததே எங்களுக்கு நின்ற பிறகுதான் உறைத்தது.

சர்க்கரை: மூன்று மாதச் சராசரி 8.6-இலிருந்து 7.9.


பல்லுக்குறுதி | ஞாயிறு, பகல் 12.30

மிகவும் மகிழ்ச்சி. ஆனால் முழுப் பெருமையையும் ஈறுக்குக் கொடுக்கமாட்டேன். இந்த நான்கு மாதத்தில் வேறு என்ன மாறியது?


கோட்டையூர்ப் பெண் | ஞாயிறு, பகல் 12.55

பிடித்துவிட்டீர்கள். மாலையில் இடைப்பலகாரம் சாப்பிட்டால் பல் தேய்க்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். தேய்க்கச் சோம்பல் பட்டு, இடைப்பலகாரத்தையே விட்டுவிட்டார்.


ஆய்வக எலி | ஞாயிறு, பகல் 1.05

அப்படியானால் 0.7-இல் எது ஈறு, எது பணியாரம் என்று பிரிக்கவே முடியாது. ஆய்வுக் கட்டுரைக்கு உதவாது. அப்பச்சிக்கு உதவும்.


கோட்டையூர்ப் பெண் | ஞாயிறு, பகல் 1.20

கல்யாணத்தன்று ஒரு முழுச் சீப்புச்சீடையைக் கடித்துத் தின்றார், எல்லோரும் பார்க்கும்படி. தாம்பூலத்தில் பாக்கை எடுத்துவிட்டு இலையும் கிராம்பும் மட்டும் மடித்துக் கேட்டார். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள்.


ஐயா வீட்டுத் திண்ணை | ஞாயிறு, இரவு 9.50

சர்க்கரைக்கும் பல்லுக்கும் போட்ட முடிச்சை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அது இருக்கட்டும்.

தேவகோட்டை மருத்துவருக்கு: அன்று நீர் சொன்ன மூன்று விரல். மூன்றாவது விரல் பாதிதான் நுழைகிறது. போன மாதமும் பாதிதான். எந்தத் தெருவில் இருக்கிறீர்?


பல்லுக்குறுதி | ஞாயிறு, இரவு 9.58

தனிமடல் அனுப்பியிருக்கிறேன் ஐயா. நாளைக் காலை பத்து மணிக்கு வாருங்கள். சாப்பிட்டுவிட்டே வரலாம். வெற்றிலைப் பெட்டியையும் எடுத்து வாருங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.